சேனலைப் பார்க்காமலேயே தாழ்ப்பாள்களை எண்ணியவர்: யார் இந்த ஆலன் ஹாட்ஜ்கின்?

இந்தக் கட்டுரையைத் திறக்க விரலால் திரையைத் தொட்டீர்கள் இல்லையா? அந்தச் சின்ன அசைவுக்கு மூளையிலிருந்து விரல் வரை மின் துடிப்புகள் ஓடி வந்திருக்கின்றன. நரம்பின் ஓர் இடத்தில் ஒரு துடிப்பு தங்குவது ஓரிரு மில்லிவிநாடிதான். அதற்குள் சோடியம் அயனிகள் செல்லுக்குள் பாய வேண்டும். அடுத்து பொட்டாசியம் அயனிகள் வெளியே போக வேண்டும். நரம்பு பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும்.

இதில் பொட்டாசியத்துக்கு வழி விடுவது பொட்டாசியம் சேனல். செல் சவ்வில் பதிந்திருக்கும் நுண்ணிய புரதக் குழாய் அது. அதற்குக் கதவு உண்டு, திறக்கும், மூடும். இன்று அதன் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று படமே போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால், 1952-ல் அப்படி ஒரு குழாய் இருக்கிறதா என்பதே யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

அந்தக் காலத்தில் இரண்டு பேர் கணவாயின் நரம்பில் ஓடிய மின்சாரத்தை மட்டும் அளந்து, அந்தக் கதவு எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்பதற்குக் கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்கில் 4 என்ற எண் வந்தது. அது ஏன் 4 என்பதற்கான விடை, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. அந்த இருவரில் மூத்தவர் ஆலன் ஹாட்ஜ்கின். இளையவர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி.

பறவை பார்த்த பையன்

ஹாட்ஜ்கின் 1914 பிப்ரவரி 5 அன்று இங்கிலாந்தின் பான்பரி நகரில் பிறந்தார். போரை ஏற்காத குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ஜார்ஜ் ஹாட்ஜ்கின் முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, நிவாரணப் பணிக்குப் போனவர். ஆர்மீனியாவுக்குப் போகும் வழியில், 1918-ல் பாக்தாத்தில் சீதபேதி வந்து இறந்துபோனார். அப்போது ஆலனுக்கு 4 வயது. அம்மா மேரிதான் 3 பையன்களையும் வளர்த்தார்.

ஹாட்ஜ்கின் என்ற பெயரை வேறு எங்கோ கேட்ட மாதிரி இருக்கா? நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் ‘ஹாட்ஜ்கின் புற்றுநோய்’ இந்தக் குடும்பத்து மருத்துவர் ஒருவரின் பெயரால் வந்தது. அந்த மருத்துவர் ஆலனுடைய தாத்தாவுக்குப் பெரியப்பா. 1964-ல் வேதியியல் நோபல் வாங்கிய டோரதி ஹாட்ஜ்கின், ஆலனின் பெரியப்பா மகனைத் திருமணம் செய்தவர்.

பள்ளி நாட்களில் ஆலனுக்குப் பிடித்தது பறவைகளைப் பின்தொடர்வது. இயற்கை மீதான அந்த ஆர்வம் உயிரியலுக்கு இழுத்து வந்தது. 1932-ல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். கணிதமும் இயற்பியலும் தேவைப்படும் என்று தெரிந்ததும், அவற்றையும் கற்றுக்கொண்டார்.

அன்றைய கேள்வி என்ன?

நரம்பில் மின்சாரம் இருக்கிறது என்பது அப்போதே பழைய செய்தி. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் புதிர்.

ஜெர்மன் விஞ்ஞானி ஜூலியஸ் பெர்ன்ஸ்டைன் 1902-ல் ஒரு விளக்கம் கொடுத்திருந்தார். நரம்புச் செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. செல் சவ்வு ஓய்வில் இருக்கும்போது பொட்டாசியத்தை மட்டும் கொஞ்சம் கசிய விடும். பொட்டாசியம் அயனிக்கு நேர்மின் சுமை உண்டு. அது வெளியே போகப் போக உட்புறம் எதிர்மின் ஆகிவிடும். ஆக, ஒவ்வொரு நரம்புச் செல்லும் ஒரு குட்டி பேட்டரி.

அப்படின்னா துடிப்பு வரும்போது என்ன நடக்குது? சவ்வு ஒரு கணம் எல்லா அயனிகளையும் உள்ளே வெளியே விட்டுவிடும், பேட்டரி தீர்ந்து உள் மின்னழுத்தம் பூஜ்ஜியத்துக்கு வரும் என்றார் பெர்ன்ஸ்டைன். கேட்க சரியாகத்தான் இருந்தது. ஆனால் நரம்புக்குள் கருவியை விட்டு அளந்து பார்க்க வழி இல்லை. நரம்பிழைகள் அவ்வளவு மெல்லியவை.

வழி கடலில் இருந்து வந்தது. ஊசிக் கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டர் வரைகூடத் தடிமனான நரம்பிழை இருப்பதை விலங்கியலாளர் ஜே.இசட். யங் 1936-ல் சுட்டிக்காட்டினார். ஆபத்து வந்தால் தண்ணீரைப் பீய்ச்சித் தப்பிக்க, கணவாய்க்கு வேகமான நரம்பு தேவை. அதற்காகத்தான் அந்தத் தடிமன். முதலில் தவளை நரம்பை வைத்து வேலை செய்த ஹாட்ஜ்கின், 1938-ல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலோர ஆய்வகத்தில் கென்னத் கோல் குழுவினருடன் இந்தக் கணவாய் நரம்பில் பழகினார். நியூயார்க்கில் தங்கியிருந்தபோது மருத்துவ விஞ்ஞானி பெய்டன் ரவுஸின் மகள் மரியனையும் சந்தித்தார். அவர்கள் திருமணம் 1944-ல் நடந்தது.

பிளைமவுத், ஆகஸ்ட் 1939

ஊர் திரும்பிய ஹாட்ஜ்கின், 1939 ஆகஸ்டில் பிளைமவுத் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார். கூடவே மாணவர் ஹக்ஸ்லி. ஒருவருக்கு 25 வயது, இன்னொருவருக்கு 21.

முதலில் ஹக்ஸ்லி செய்து பார்த்தது வேறு ஒரு சோதனை. நரம்பிழையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதற்குள் பாதரசத் துளியைப் போட்டு, அது எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்த்தார். துளி நகரவே இல்லை. உள்ளே இருந்தது நீர்மம் இல்லை, கூழ். அந்தச் சோதனை அத்தோடு முடிந்தது. ஆனால் ஒரு லாபம். இப்படித் தொங்கும் இழைக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாயை மேலிருந்து இறக்கினால் என்ன? சுவரில் உரசினால் நரம்பு செத்துவிடும். அதனால் கண்ணாடிகளை வைத்து இரண்டு பக்கமும் பார்த்தபடியே மின்முனையை இறக்கினார்கள்.

துடிப்பு வந்தது. உள் மின்னழுத்தம் பூஜ்ஜியத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி, ஏறத்தாழ 40 மில்லிவோல்ட் நேர்மின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

இதுல என்ன பெரிய விஷயம்? பேட்டரி தீர்ந்தால் பூஜ்ஜியம் வரும்; தலைகீழாக மாறாது. மாறுகிறது என்றால், வேறு ஏதோ நேர்மின் சுமை உள்ளே வருகிறது. பெர்ன்ஸ்டைனின் விளக்கம் துடிப்புக்குப் பொருந்தவில்லை.

அந்த ‘ஏதோ’ என்ன என்று தேட நேரம் கிடைக்கவில்லை. செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. ஒரு சிறு குறிப்பை மட்டும் ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பிவிட்டு இருவரும் ஆய்வகத்தை விட்டுப் போனார்கள்.

ரேடாரில் போன ஆறு ஆண்டுகள்

போரை மறுத்தவரின் மகன் போர்ப் பணியில் சேர்ந்தார். இரவில் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்க, விமானத்திலேயே பொருத்தும் ரேடாரை உருவாக்கும் குழுவில் ஹாட்ஜ்கினுக்கு வேலை. சோதனை விமானங்களிலும் பறந்தார். பிளைமவுத் நகரத்தின் மீது 1941-ல் குண்டுமழை பொழிந்தது. கடல் ஆய்வகமும் அதில் சேதமடைந்தது.

1945-ல் இருவரும் தங்கள் பழைய அளவீடுகளை விரிவாக வெளியிட்டார்கள். பூஜ்ஜியத்தைத் தாண்டும் அந்த மின்னழுத்தத்துக்குச் சில விளக்கங்களையும் முன்வைத்தார்கள். அவற்றில் ஒன்றுகூட சரி இல்லை. கையில் சரியான அளவீடு இருந்தும் சரியான விடை வரவில்லை. அடுத்த 2 ஆண்டுகளில் ஹாட்ஜ்கின் தன் விளக்கங்களைத் தானே தூக்கிப் போட்டுவிட்டார்.

விடை உப்பில் இருந்தது. 1947-ல், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த யூத விஞ்ஞானி பெர்னார்ட் காட்ஸுடன் சேர்ந்து, நரம்பு மிதக்கும் கடல்நீரில் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தார் ஹாட்ஜ்கின். துடிப்பின் உயரம் குறைந்தது. சோடியத்தைக் கூட்டியதும் உயரம் கூடியது. உள்ளே பாய்வது சோடியம் என்பது தெளிவானது.

மின்னழுத்தத்துக்கு ஒரு ஸ்டெபிலைசர்

இன்னும் பெரிய கேள்வி மிச்சம் இருந்தது. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் வழி எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது?

இதை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மின்னழுத்தம் மாறினால் வழி திறக்கும். வழி திறந்தால் மின்னழுத்தம் மறுபடி மாறும். எது காரணம், எது விளைவு என்றே பிரிக்க முடியாது.

வீட்டில் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே யோசனைதான். நரம்பின் மின்னழுத்தம் எந்தப் பக்கம் நகரப் பார்த்தாலும், வெளியிலிருந்து எதிர் மின்னோட்டத்தைக் கொடுத்து அதே இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். நிறுத்தி வைக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறதோ, அவ்வளவுதான் சவ்வு வழியாக ஓடுகிறது. இந்த உத்தியை அமெரிக்காவில் கென்னத் கோல் 1947-ல் செய்து காட்டியிருந்தார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி, காட்ஸ் மூவரும் அதைச் செம்மைப்படுத்தி, பிளைமவுத்தில் கருவிகளை நிறுவினார்கள். 1949 கோடையில் சில வாரங்களில் தேவையான அளவீடுகளில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது.

நரம்பின் உட்புறத்தைத் திடீரென நேர்மின் பக்கம் தள்ளினால், முதலில் சோடியம் உள்ளே வருகிறது. அது சீக்கிரமே தானாக நின்றுவிடுகிறது. பொட்டாசியம் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி வெளியே போகிறது. மின்னழுத்தத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான்கு தாழ்ப்பாள்

பொட்டாசியத்தின் வரைபடத்தில் ஒரு விசித்திரம் தெரிந்தது. வழி திறக்கும்போது உடனே திறக்கவில்லை. முதலில் தயக்கம், பிறகு வேகமான ஏற்றம், கடைசியில் சமநிலை. ஆனால் மூடும்போது தயக்கமே இல்லை. மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த கணத்திலேயே சரியத் தொடங்குகிறது.

ஒரே கதவு, திறக்க ஒரு மாதிரி, மூட ஒரு மாதிரி. ஏன்?

ஒரு கதவில் 4 தாழ்ப்பாள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கும் விலகினால்தான் கதவு திறக்கும். ஒன்று விழுந்தாலும் மூடிவிடும். ஒவ்வொரு தாழ்ப்பாளும் தனித்தனியாக, தற்செயலாக விலகும். உள் மின்னழுத்தம் நேர்மின் பக்கம் போகப் போக, விலகும் வாய்ப்பு கூடும்.

ஒரு தாழ்ப்பாள் விலகியிருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால், நான்கும் ஒரே நேரத்தில் விலகியிருக்கும் வாய்ப்பு 16-ல் 1 மட்டுமே. அதாவது தாழ்ப்பாள்கள் பாதி விலகிய பிறகும் பெரும்பாலான கதவுகள் மூடித்தான் கிடக்கும். அதான் தொடக்கத்தில் அந்தத் தயக்கம். அந்த வாய்ப்பு 90 சதவீதம் ஆனால், சுமார் 66 சதவீதக் கதவுகள் திறந்துவிடும். அதுதான் பிறகு வரும் வேகம். மூடுவதற்கு ஒரே ஒரு தாழ்ப்பாள் போதும். அதனால்தான் அங்கே தாமதம் இல்லை.

கணித மொழியில் சொன்னால், ஒரு தாழ்ப்பாளின் வாய்ப்பை நான்காம் படிக்கு உயர்த்த வேண்டும். ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் வெளியிட்ட சமன்பாட்டில் பொட்டாசியத்துக்கு இருப்பது இதுதான்.

கவனிக்க வேண்டியது, இருவரும் இதை எவ்வளவு அடக்கமாகச் சொன்னார்கள் என்பது. தாழ்ப்பாள் போன்ற துகள்கள் உண்மையிலேயே இருக்கின்றன என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. சமன்பாடு பொருந்துவது மட்டுமே அந்தப் படம் உண்மை என்பதற்குச் சாட்சி ஆகாது என்று எழுதினார்கள். ஐந்தாம் படியோ ஆறாம் படியோ தொடக்கத் தயக்கத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்தலாம், ஆனால் அந்தக் கூடுதல் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

கைப்பிடி சுற்றிய மூன்று வாரம்

சமன்பாடு கையில் இருந்தால் மட்டும் போதுமா? அதிலிருந்து நிஜத் துடிப்பு கிடைக்கிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜில் அப்போது ‘எட்சாக்’ என்ற ஆரம்பகாலக் கணினி இருந்தது. ஆனால், மாற்றியமைக்கும் வேலைக்காக அதை சுமார் 6 மாதங்கள் நிறுத்திவிட்டார்கள். காத்திருக்க முடியாது. ஹக்ஸ்லி கையால் சுற்றும் ‘பிரன்ஸ்விகா’ கணக்கு இயந்திரத்தை எடுத்தார். நரம்பில் ஓடும் ஒரே ஒரு துடிப்பைக் கணக்கிட 3 வாரம் ஆனது.

நிஜத்தில் அந்தத் துடிப்பின் ஆயுள் சில மில்லிவிநாடி!

கணக்குப்படி துடிப்பின் வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர். நிஜ நரம்பில் அளந்தபோது 21.2 மீட்டர். மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்திய நரம்பில் எடுத்த எண்களை வைத்தே, சுதந்திரமாக ஓடும் துடிப்பின் வேகத்தை இவ்வளவு நெருங்கிச் சொல்ல முடிந்தது.

வரிசையில் போகும் அயனிகள்

ஹாட்ஜ்கின் அத்தோடு நிற்கவில்லை. பொட்டாசியம் சவ்வைக் கடப்பது எப்படி? ஏதாவது ஒரு மூலக்கூறு தூக்கிக்கொண்டு போய் விடுகிறதா, அல்லது துளை வழியாகப் போகிறதா? 1955-ல் ரிச்சர்ட் கீன்ஸுடன் சேர்ந்து, ஓட்டுக் கணவாயின் நரம்பில் கதிரியக்கப் பொட்டாசியத்தைச் செலுத்தி, இரண்டு திசையிலும் எவ்வளவு போகிறது என்று எண்ணினார். (இந்த கீன்ஸ், சார்லஸ் டார்வினின் கொள்ளுப்பேரன்.)

எதிர்த் திசைப் போக்குவரத்து எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. அகலமான வாசலில் சிலர் உள்ளே வர, சிலர் வெளியே போகலாம். ஆனால் ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய நீண்ட சந்தில், கூட்டம் ஒரு பக்கமாகத் தள்ளும்போது எதிரே வருபவரால் நகரவே முடியாது. இதைச் சரிபார்க்க, இரண்டு அறைகளை ஒரு சந்தால் இணைத்த பெட்டியில் பால் பேரிங் குண்டுகளைப் போட்டுக் குலுக்கியும் பார்த்தார்கள். சந்து குட்டையாக இருந்தபோது குண்டுகள் தனித்தனியாகக் கடந்தன. நீளமானபோது வரிசை கட்டின. பொட்டாசியம் அயனிகள் நீண்ட, குறுகலான வழியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன என்று முடிவு செய்தார்கள்.

நோபல்: மாமனாருக்கு முன்னால் மாப்பிள்ளை

1963-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி, ஆஸ்திரேலியாவின் ஜான் எக்கிள்ஸ் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸை 1911-லேயே கண்டறிந்த மாமனார் பெய்டன் ரவுஸுக்கு நோபல் வந்தது 1966-ல். மாப்பிள்ளை மூன்று ஆண்டு முந்திவிட்டார்.

பிறகு ஹாட்ஜ்கின் ஆமையின் விழித்திரைக்குப் போனார். ஒளி எப்படி மின் சைகை ஆகிறது என்று ஆராய்ந்தார். 1970 முதல் 1975 வரை ராயல் சொசைட்டியின் தலைவர். 1978 முதல் 1984 வரை, தான் படித்த டிரினிட்டி கல்லூரியின் தலைவர். 1992-ல் தன்வரலாறு எழுதினார். அதன் தலைப்புக்கு ‘தற்செயலும் திட்டமும்’ என்று பொருள்.

கணக்கு சரியானது எப்படித் தெரிந்தது?

1976-ல் ஜெர்மனியில் எர்வின் நேயர், பெர்ட் சக்மன் இருவரும் ஒற்றைச் சேனலில் ஓடும் மின்னோட்டத்தைப் பிடித்தார்கள். சேனல் அரைகுறையாகத் திறப்பதில்லை. ஒன்று திறந்திருக்கும், இல்லையென்றால் மூடியிருக்கும். கணவாய் நரம்பில் தெரிந்த மென்மையான ஏற்றம், எண்ணற்ற கதவுகளின் கூட்டுத்தொகை.

1991-ல் ராடரிக் மெக்கின்னன், பழ ஈயின் பொட்டாசியம் சேனல் 4 புரதத் துண்டுகள் சேர்ந்தது என்று காட்டினார். ஒவ்வொரு துண்டிலும் மின்னழுத்தத்தை உணரும் பகுதி ஒன்று உண்டு. அதில் நேர்மின் சுமைகள் வரிசையாக இருக்கும். செல்லின் உட்புறம் எதிர்மின்னாக இருக்கும்போது அந்தப் பகுதி உள்நோக்கி இழுபட்டு நிற்கும், வழி மூடியிருக்கும். உட்புறம் நேர்மின் ஆனதும் வெளிநோக்கி நகரும். நான்கும் நகர்ந்தால் வழி திறக்கும். சமன்பாட்டில் இருந்த 4 தாழ்ப்பாள்கள் இவைதான்.

1998 ஏப்ரலில் மெக்கின்னன் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் சேனலை அணு அளவில் படம் பிடித்தது. நடுவில் குறுகிய பாதை. அதில் வரிசையாகப் பொட்டாசியம் அயனிகள். 1955-ல் சொன்ன அதே வரிசை. இன்னொரு பழைய புதிரும் தீர்ந்தது. சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறியது. இருந்தும் ஏன் உள்ளே நுழைய முடியவில்லை? அயனிகள் தண்ணீரில் இருக்கும்போது நீர் மூலக்கூறுகள் அவற்றைப் போர்த்தியிருக்கும். சந்துக்குள் போக அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும். சந்தின் சுவரில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியத்தின் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி அமைந்து, நீரின் இடத்தை நிரப்பிவிடும். சோடியத்துக்கு அந்தச் சட்டை தொளதொள. நீர்ப் போர்வையை விட்டு வர அதற்கு லாபம் இல்லை. இப்படி ஆள் பார்த்து அனுப்பியும், திறந்த சேனலில் விநாடிக்குப் பத்து கோடி அயனிகள் வரை போக முடியும்.

அதே 1998-ல், டிசம்பர் 20 அன்று, ஹாட்ஜ்கின் கேம்பிரிட்ஜில் இறந்தார். வயது 84. மெக்கின்னனுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இன்று இதனால் நமக்கு என்ன?

சர்க்கரை நோய்க்குத் தரப்படும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகள் கணையச் செல்களில் உள்ள ஒரு வகைப் பொட்டாசியம் சேனலை மூடித்தான் இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. மாறாக, மூடக்கூடாத சேனலை மூடினால் ஆபத்து. டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மருந்து, இதயத்தின் ‘ஹெர்க்’ பொட்டாசியம் சேனலை அடைத்துச் சிலருக்கு உயிராபத்தான இதயத் துடிப்புக் கோளாறை உண்டாக்கியதால், 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இப்போது பெரும்பாலான புதிய மருந்துகள் ஹெர்க் சேனலை அடைக்கின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன.

1952 சமன்பாடுகளை மாற்றியமைத்து, 1960-ல் டெனிஸ் நோபிள் இதயத் துடிப்பைக் கணக்கிட்டார். இன்றைக்கும் மூளைச் செல்லைக் கணினியில் உருவாக்கக் கற்கும் மாணவர் முதலில் எழுதிப் பார்ப்பது ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளைத்தான். மூன்று வாரக் கணக்கு லேப்டாப்பில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. பொட்டாசியத்துக்கான அந்த நான்காம் படி மட்டும் அப்படியே இருக்கிறது.